பூட்டிய வயர்லெஸ்ஸும் பூட்டில்லாத வாயும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

"ஸ்கேனர் ஒன்றை வாங்கினால் பொலிஸார் வயர்லெஸ்ஸில் பேசுவதை வீட்டில் இருந்தே கேட்கலாமாமே, உண்மையா?" ஓ.எல். வகுப்புப் பிள்ளைகள் தொடக்கம் தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் நின்று கதைக்கும் பெரியவர்கள் வரை எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஊரில் இதற்கு இரண்டு விதமான பதில்கள் உலாவுகின்றன. "எல்லாவற்றையும் கேட்கலாம், சாமான் சரியானதாக இருந்தால் போதும்" என்பது ஒன்று. "இப்போது எல்லாம் லொக், யாராலும் கேட்க முடியாது, அதுதான் நமக்கும் பாதுகாப்பு" என்பது மற்றது. இரண்டுமே பிழை. முதலாவது பிழையால் வதந்தி வளர்கிறது. இரண்டாவது பிழையால் நம் கேள்வி கேட்கும் பழக்கம் சாகிறது. ஆகவே இரண்டையும் மறுத்து எழுதுகிறோம்.

முதலில் விஞ்ஞானத்தைப் பேசுவோம்.

பழைய வயர்லெஸ் திறந்த வானொலி. எஃப்.எம். ரேடியோவில் பாட்டுக் கேட்பது போல, அந்த அலைவரிசைக்குப் போகக்கூடிய பெட்டி இருந்தால் எவரும் கேட்கலாம். அமெரிக்காவின் டெட்ரோய்ட் நகரப் பொலிஸ் 1928 இல் ரோந்து வாகனங்களுக்கு வானொலியில் கட்டளை அனுப்பத் தொடங்கியது. அன்றிலிருந்தே பொதுமக்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்கேனர் என்பது இந்த அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தடவிப் பார்த்து, பேச்சு இருக்கும் இடத்தில் நின்றுவிடும் பெட்டி, அவ்வளவுதான்.

பிறகு டிஜிட்டல் வந்தது. குரல் இலக்கங்களாக மாற்றப்பட்டு அனுப்பப்பட்டது. பழைய ஸ்கேனரில் அது வெறும் இரைச்சல். ஆனால் அது பூட்டு அல்ல, வேறு மொழி மட்டுமே. டிஜிட்டல் ஸ்கேனர்கள் சந்தைக்கு வந்ததும் அதையும் கேட்டார்கள். இன்று தொலைக்காட்சி அலையைப் பிடிக்கும் சின்ன யூ.எஸ்.பி. துண்டு ஒன்றைக் கணினியில் செருகி, இலவச மென்பொருளோடு அதையே செய்கிறார்கள்.

மூன்றாவது கட்டம்தான் மறைகுறியாக்கம். இங்கே இலக்கங்கள் ஒரு சாவியோடு சேர்த்துக் கலக்கப்படுகின்றன. அலை உங்கள் வீட்டுக் கூரைக்கும் வரும், ஸ்கேனரும் அதைப் பிடிக்கும். சாவி இல்லாததால் பேச்சு மட்டும் வராது. ஏ.ஈ.எஸ். 256 என்ற முறையில் இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். உலகத்தின் எல்லாக் கணினிகளையும் கூட்டி உட்கார வைத்தாலும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்து முடியாது. ஆகவே ஒழுங்காக மறைகுறியாக்கம் செய்யப்பட்ட பொலிஸ் வானொலியை ஸ்கேனரால் கேட்க முடியாது. விலை கூடிய ஸ்கேனராலும் முடியாது. "அன்லொக் செய்து தருகிறோம்" என்று இணையத்தில் காசு கேட்பவன் ஏமாற்றுக்காரன். உங்கள் போனில் இருக்கும் பொலிஸ் ஸ்கேனர் அப் எந்த அலையையும் பிடிப்பதில்லை. எங்கோ அமெரிக்க நகரம் ஒன்றில் யாரோ ஒருவர் தன் ஸ்கேனரை இணையத்தோடு இணைத்து விட்டிருக்கிறார், நீங்கள் அதைக் கேட்கிறீர்கள். பல அப்கள் அதைக்கூடத் தருவதில்லை, விளம்பரம் மட்டும்தான்.

"முன்பு எங்கள் மாமா கேட்டவரே" என்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டிருக்கலாம். திறந்த வானொலியைக் கேட்டிருப்பார். அல்லது குரலைத் தலைகீழாக்கி அனுப்பும் பழைய முறையைக் கேட்டிருப்பார். அது பூட்டு என்ற பெயரில் இருந்த திரைச்சீலை. சில டிஜிட்டல் வோக்கி டோக்கிகளில் வரும் அடிப்படை இரகசிய வசதிக்கு மொத்தமே 255 சாவிகள்தான். ஒரு பக்கம் 78 இலக்க எண், மறுபக்கம் வெறும் 255. இரண்டையும் "என்கிரிப்ஷன்" என்ற ஒரே பெயரால் விற்கிறார்கள். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டக் கூடாது, என்ன பூட்டு என்று கேட்க வேண்டும்.

இனி இரண்டாவது பிழைக்கு வருவோம். "லொக் பண்ணியாச்சு, யாராலும் கேட்க முடியாது."

உலகின் பல நாடுகளில் பொலிஸாரும் துறைமுகங்களும் மின்சார நிறுவனங்களும் பயன்படுத்தும் டெட்ரா என்ற வானொலி முறை இருக்கிறது. 1995 இல் ஐரோப்பிய தொலைத்தொடர்பு தர நிறுவனம் இதை வெளியிட்டது. அதற்குள் இருக்கும் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது கால் நூற்றாண்டுக்கும் மேலாக இரகசியம். உடன்படிக்கையில் கையெழுத்திட்ட கம்பனிகளுக்கு மட்டும் அது காட்டப்பட்டது. 2023 ஜூலையில் மிட்நைட் புளூ என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் மூன்று ஆய்வாளர்கள், மோட்டோரோலா ரேடியோ ஒன்றை உடைத்து உள்ளே இருந்ததை வெளியே எடுத்துக் காட்டினார்கள். டெட்ராவில் நான்கு வகைப் பூட்டுகள். இரண்டாவது வகை ஐரோப்பியப் பொலிஸாருக்கு. முதலாவது வகை தாராளமாக ஏற்றுமதி செய்வதற்கு. அந்த ஏற்றுமதிப் பூட்டின் சாவி 80 பிட் என்று வெளியே சொல்லப்பட்டது. உள்ளே ஒரு கணிதப் படிமுறை அதை 32 பிட்டாகச் சுருக்கிவிடுகிறது. 32 பிட் என்றால் ஏறத்தாழ 429 கோடி சாவிகள். பெரிய எண் போலத் தெரியும். சாதாரண மடிக்கணினி ஒன்றில் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள்.

தர நிறுவனம் என்ன சொன்னது? இது பின்கதவு அல்ல, அக்காலத்து ஏற்றுமதிச் சட்டங்களுக்கு அமையத்தான் பலம் தீர்மானிக்கப்பட்டது என்றது. உறவுகளே, அந்தப் பதிலை இன்னொரு தடவை வாசியுங்கள். தங்கள் வீட்டுக்கு இரும்புப் பூட்டு. வெளிநாட்டுக்காரனுக்கு விற்க, பார்வைக்கு இரும்பு போன்ற தகரப் பூட்டு. வாங்கியவனுக்கு அது தகரம் என்று சொல்லவும் இல்லை. கையடக்கத் தொலைபேசி வந்த ஆரம்ப காலத்தில் ஜீ.எஸ்.எம். முறையிலும் ஏற்றுமதிக்கென்று ஏ5/2 என்ற பலவீனமான பூட்டு ஒன்று இருந்தது. ஆகவே இது தற்செயலாக நடந்த ஒன்றல்ல, பழைய வழக்கம்.

இதில் யார் ஏமாந்தார்கள் என்று பாருங்கள். தெருவில் நின்ற பத்திரிகையாளனால் கேட்க முடியவில்லை. ஸ்கேனர் வைத்திருந்த ஓய்வுபெற்ற மனிதரால் கேட்க முடியவில்லை. பூட்டின் இரகசியத்தை அறிந்திருக்கக்கூடிய பெரிய நாட்டு உளவு நிறுவனத்துக்கு மட்டும் அது ஒரு தடையே இல்லை. அயல்வீட்டானை வெளியே நிறுத்திவிட்டு, பெரிய கள்வனுக்கு ஜன்னலைத் திறந்து வைத்த பூட்டு இது. 2025 இல் அதே ஆய்வாளர்கள், டெட்ராவின் மேல் கூடுதல் பாதுகாப்புக்கென்று போடப்படும் இன்னொரு பூட்டின் ஒரு வடிவத்தையும் திறந்து பார்த்தார்கள். 128 பிட் சாவி உள்ளே 56 பிட்டாகக் குறைக்கப்பட்டிருந்தது.

பூட்டு நல்லதாக இருந்தாலும் கதை முடிவதில்லை. 2011 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெட் பிளேஸ் தலைமையிலான குழு, அமெரிக்க மத்திய பொலிஸ் அமைப்புகள் பயன்படுத்தும் பி25 என்ற வானொலி முறையைப் பற்றி ஆய்வொன்றை வெளியிட்டது. அங்கே பூட்டின் கணிதத்தில் பெரிய பிழை இல்லை. ஆனால் ரேடியோவில் பூட்டுப் போடும் விசை சின்னது, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியாது. இரண்டு வருடங்கள் பல நகரங்களில் கேட்டுப் பார்த்ததில், ஒரு நகரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல் இரகசியப் பேச்சு திறந்த வெளியில் போய்க்கொண்டிருந்தது. பேசியவர்கள் பூட்டுப் போட்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிக்கப்படுபவர்களின் பெயர்களும் தகவல் கொடுத்தவர்களின் விபரங்களும்கூட அதில் இருந்தன. சிறுமிகள் விளையாடும் இளஞ்சிவப்பு நிறக் குறுஞ்செய்தி விளையாட்டுப் பொருள் ஒன்றை மாற்றியமைத்து, அந்த வானொலியைத் தடுக்கவும் முடியும் என்று அதே குழு காட்டியது.

ஆகவே நேர்மையான பதில் இதுதான். நல்ல பூட்டை ஒழுங்காகப் போட்டால் ஸ்கேனரால் கேட்க முடியாது. கெட்ட பூட்டு, மறந்துபோன பூட்டு, வேண்டுமென்றே பலவீனமாக்கிய பூட்டு என்றால் கேட்கலாம். ஆனால் அதைக் கேட்பவர் பெரும்பாலும் நீங்களும் நாங்களும் அல்ல.

"சரி, பூட்டைத் திருத்திவிட்டால் போதும்தானே? பொலிஸ் பேசுவது நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். எங்கள் சண்டை இந்தக் கேள்வியோடுதான்.

நியூயோர்க் பொலிஸின் வானொலி ஏறத்தாழ 90 வருடங்கள் திறந்தே இருந்தது. வீஜீ என்று பெயர் பெற்ற புகைப்படக் கலைஞர் 1938 இல் தன் காரிலேயே பொலிஸ் வானொலியைப் பொருத்திக்கொண்டு, பல இடங்களுக்குப் பொலிஸாரோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தவர். அவருக்குப் பின் வந்த பத்திரிகையாளர் தலைமுறைகள் எல்லாம் அப்படித்தான் வேலை செய்தார்கள். 2023 ஜூலையில் புரூக்ளின் பகுதியில் தொடங்கி அந்த வானொலி மூடப்பட்டது. புதிய தொகுதிக்கான செலவு சுமார் 39 கோடி டொலர் என்று சொல்லப்பட்டது. சிக்காகோ 2022 முதல் தன் அலைவரிசைகளை மறைகுறியாக்கி, பொதுமக்களுக்கு 30 நிமிடம் பிந்திய ஒலிபரப்பை மட்டும் விட்டது. பிரித்தானியாவில் எயார்வேவ் என்ற டெட்ரா வலையமைப்பு வந்த பிறகு ஸ்கேனர் காலமே முடிந்தது.

முப்பது நிமிடம் என்றால் சின்னதாகத் தெரியும். ஒரு தெருவில் பொலிஸார் ஒருவரைச் சுட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடத்தில் மஞ்சள் நாடா கட்டி முடிந்துவிடும், சாட்சிகள் கலைந்துவிடுவார்கள், முதலாவது அறிக்கையும் எழுதப்பட்டுவிடும். அதற்குப் பிறகு வரும் பத்திரிகையாளன் அறிக்கையை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பொலிஸ் தன்னைப் பற்றித் தானே சொல்வது மட்டும் செய்தியாகும் ஊரில், சுடப்பட்டவனின் தாய் சொல்வதை யார் கேட்பது?

மறுபக்கத்தாரின் வாதத்தையும் மறைக்க மாட்டோம். கள்வர்களும் ஸ்கேனர் கேட்கிறார்கள் என்கிறார்கள், உண்மை. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரும் முகவரியும் வானொலியில் போனால் அவளுக்கு ஆபத்து என்கிறார்கள், அதுவும் உண்மை. 2020 ஒக்டோபரில் கலிபோர்னியா நீதித் திணைக்களம், தனிப்பட்ட விபரங்களை வானொலியில் பாதுகாக்க வேண்டும் என்று பணித்தது. ஆனால் அந்தப் பணிப்பு இரண்டு வழிகளைக் கொடுத்தது. எல்லாவற்றையும் பூட்டலாம், அல்லது தனிப்பட்ட விபரங்களை மட்டும் காக்கும் நடைமுறையை வைக்கலாம். பலர் எளிதான வழியைப் பிடித்தார்கள், முழுவதையும் பூட்டினார்கள். பாலோ ஆல்டோ நகரப் பொலிஸும் 2021 இல் பூட்டியது. மக்கள் கேட்டார்கள், பத்திரிகை கேட்டது, 2022 இல் மீண்டும் திறந்தது. கலிபோர்னியா நெடுஞ்சாலை ரோந்துப் பொலிஸ் வானொலியைப் பூட்டாமலேயே தனிப்பட்ட விபரங்களைச் சொல்லும் முறையை மாற்றிச் சமாளித்தது. ஆகவே பெயரையும் முகவரியையும் மறைக்கலாம், இரகசிய நடவடிக்கைக்கு வேறு அலைவரிசை வைக்கலாம், "இந்த வீதியில் இப்படி ஒரு சம்பவம், வாகனம் அனுப்புங்கள்" என்ற சாதாரண அழைப்பைத் திறந்து விடலாம். வழி இருக்கிறது. விருப்பம்தான் வேண்டும்.

இன்னொரு வாதமும் வரும். "திறந்திருந்தால் வதந்தி பரவும்." இதற்கு 2013 ஏப்ரலில் பொஸ்டனில் நடந்ததை உதாரணம் காட்டுவார்கள். மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்த சில நாட்களில், "பொலிஸ் வானொலியில் பெயர் சொல்லிவிட்டார்கள், நாங்களே கேட்டோம்" என்று ஒரு மாணவனின் பெயரை இணையத்தில் பரப்பினார்கள். அந்தப் பிள்ளைக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. காணாமல் போயிருந்த பிள்ளை. பின்னர் ஆற்றில் ஜனாஸாவாகத்தான் கிடைத்தது. தேடி அலைந்த குடும்பத்தின் மேல் உலகமே கல்லெறிந்தது.

ஆனால் அந்தக் கதையின் பின்பாதியைச் சொல்ல மாட்டார்கள். பிறகு பத்திரிகையாளர்கள் அன்றைய வானொலிப் பதிவுகளை எடுத்துக் கேட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெயர் அங்கே சொல்லப்பட்டதாக எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. வானொலி திறந்திருந்ததால்தான் பொய்யைப் பொய் என்று காட்ட முடிந்தது. பூட்டியிருந்தால்? "நாங்கள் கேட்டோம்" என்பவனை மறுக்க உங்களிடம் என்ன இருந்திருக்கும்?

இந்த இடத்தில்தான் இந்த விடயம் அமெரிக்காவை விட்டு நம் வாசலுக்கு வருகிறது.

வதந்தி என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கிடந்த மாவுக்கட்டி "மலட்டு மாத்திரை" ஆனது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மார்ச்சில் திகன எரிந்தது. அரசாங்கம் ஏறத்தாழ ஒரு வாரம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மூடியது. 2019 இல் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னும் மூடினார்கள். மே மாதத்தில் குருநாகல் பகுதியும் மினுவாங்கொடையும் எரிந்தன. மூடியதால் கதை நின்றதா? வாயில் இருந்து வாய்க்குப் போனது. ஊர் வாய்க்கு நம்பகமான செய்தி கிடைக்காவிட்டால் அது தானே சமைத்துக்கொள்ளும்.

இனி ஏதாவது பதற்றம் வரும் நேரத்தில் "பொலிஸ் வயர்லெஸ் வொய்ஸ் கட்" என்று ஒன்று உங்கள் குழுவுக்கு வந்தால், நாங்கள் சொன்ன விஞ்ஞானத்தை வைத்து இப்படி யோசியுங்கள். அந்த வானொலி ஒழுங்காகப் பூட்டியது என்றால், இது ஸ்கேனரில் பிடித்ததாக இருக்க முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் கசியவிட்டிருக்க வேண்டும், அல்லது சமைத்தது. பூட்டாதது என்றாலும் எந்த ஊர், எந்தத் திகதி, யார் பதிவு செய்தது என்ற மூன்றுக்கும் பதில் இருக்க வேண்டும். பழைய பதிவுக்குப் புதிய தலைப்புப் போடுவது ஒரு நிமிட வேலை. இப்போது கணினியே மனிதக் குரலில் பேசுகிறது. பதில் இல்லாததை அனுப்பாதீர்கள். "உண்மையோ தெரியாது, வந்ததை அனுப்புகிறேன்" என்று எழுதி அனுப்புவதும் அனுப்புவதுதான். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி நம் மார்க்கம் சொன்னது இந்த நாளுக்கும்தான்.

"ஒட்டுக்கேட்பதே கூடாதே, நீங்கள் எப்படி அதற்குப் பரிந்து பேசுகிறீர்கள்?" என்று கேட்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்தவன் வீட்டு இரகசியத்தைத் துருவுவதும், பொது வீதியில் பொதுப்பணத்தில் சம்பளம் வாங்குபவர் பொதுமக்களின் பெயரால் செய்யும் வேலையை அறிய விரும்புவதும் ஒன்றல்ல. மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் வேலை, அதில் நாங்கள் கை வைக்கவில்லை. அதிகாரம் என்பது அமானிதம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். அமானிதத்தை ஒப்படைத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

இளைஞர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறோம். ஸ்கேனர் வாங்கிப் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் நம் நாட்டில் தொடர்பாடலை இடைமறிப்பது குற்றம். பயங்கரவாதத் தடைச் சட்டம் நம் பிள்ளைகள் மேல் எப்படிப் பாய்ந்தது என்பதையும் பார்த்திருக்கிறோம். ஒரு பெட்டிக்காகப் பெற்றோரைப் பொலிஸ் நிலைய வாசலில் நிறுத்தாதீர்கள். அலை, குறியீடு, சாவி பற்றிப் படிக்க ஆசை என்றால் வாருங்கள், சொல்லித் தருகிறோம். டெட்ராவைத் திறந்தவர்கள் ஒரு காலத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான்.

பெரியவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. அதற்கு ஸ்கேனர் தேவையில்லை, ஒரு கடதாசி போதும். பாதுகாப்பு விடயம் என்று சிலவற்றை மறுப்பார்கள். ஆனால் பொதுப்பணத்தில் வாங்கிய வானொலித் தொகுதிக்கு எவ்வளவு செலவானது, அதன் பூட்டைச் சுயாதீனமாக யாராவது பரிசோதித்தார்களா, ஒரு சம்பவத்தின் பின் பதிவுகள் எத்தனை காலம் வைக்கப்படுகின்றன என்பதெல்லாம் ஒரு பிரஜை கேட்கக்கூடிய கேள்விகள். பள்ளி நிர்வாகமும் ஊர்ச் சங்கங்களும் ஒரு தடவையாவது கேட்கட்டும். மறுத்தால் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்யலாம்.

பூட்டு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பூட்டின் தரம் பரிசோதிக்கப்பட வேண்டும், எதைப் பூட்டுவது என்பது மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும், பூட்டிய பின்னும் கணக்குக் காட்ட ஒரு கதவு இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத பூட்டுக்குக் கைதட்டாதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத பூட்டு நம்மைக் காக்காது.

உடன்பாடு இல்லாதவர்கள் கீழே எழுதுங்கள், பதில் தருவோம், இன்ஷா அல்லாஹ். வசை வேண்டாம், வாதம் வரட்டும். பகிர விரும்பினால் முழுவதையும் பகிருங்கள், நடுவில் வெட்டி எடுத்து "சேர்மார் ஸ்கேனர் வாங்கச் சொன்னார்கள்" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.